துளி ஜெல்லுக்குள் ஒரு கட்டி

ஆர்கனாய்டு என்ற பேச்சை எடுத்தாலே என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால், கிண்டி வருவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குப் பாதிக் கதையைச் சொல்லி முடித்திருப்பேன். சொல்லாமல் எப்படி இருப்பது? காலையில் ஒரு பெண்ணின் மார்பிலிருந்து அறுத்தெடுத்த கட்டியின் சிறு துண்டு அன்றே என் கைக்கு வருகிறது. சில வாரங்களில், அவருடைய நோயின் குணத்தைப் பெருமளவு அப்படியே வைத்துக்கொண்டு கண்ணெதிரே குட்டிக் கட்டியாக வளர்ந்து நிற்கிறது. அதுதான் ஆர்கனாய்டு! முனைவர் பட்டத்துக்கு இந்த ஆய்வு வாய்த்ததைப் பெரும் பாக்கியம் என்றே சொல்வேன்.

மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் விலங்கியல் படித்த நாளில் மார்பகப் புற்றுநோய் ஆய்வு என்றாலே எனக்கு எம்.சி.எஃப்-7 செல்கள்தான். 1970-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஒரு கன்னிகாஸ்திரீயின் நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்த நீரிலிருந்து எடுத்தவை அவை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பற்றி உலகம் அறிந்ததில் எவ்வளவோ அந்தச் செல்கள் கொடுத்தவை. அந்த அம்மையாரைக் கைகூப்பி வணங்குகிறேன். ஆனாலும் பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிக்கொண்டு ஐம்பது ஆண்டுக்கு மேல் பெருகிவந்த செல், உடம்புக்குள் இருக்கும் கட்டியைப் போல நடந்துகொள்ளாது. செங்கல்பட்டுப் பெண்ணின் நோய்க்கு டெட்ராய்ட் பெண்ணின் செல் எவ்வளவுதான் பதில் சொல்லும்?

வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். ஐஸ் பெட்டியில், குளிர்ந்த மீடியத்தில் மிதந்தபடி துண்டு வரும். கிருமி புகாத ஹூட்டுக்குள் வைத்துப் பொடியாக நறுக்கி, கொலாஜினேஸ் என்சைமில் ஊறவிட்டு, வடிகட்டி, மிஞ்சும் செல் கொத்துகளை மேட்ரிஜெல்லில் கலக்க வேண்டும். எலியின் ஒருவகைக் கட்டியிலிருந்து எடுக்கும் புரதக் கலவை அது. 4 டிகிரியில் ஓடும். 37 டிகிரிக்கு வந்தால் உறைந்துவிடும். ஆகவே பிப்பெட் முனை உட்பட எல்லாம் சில்லென்றிருக்க வேண்டும். தட்டில் துளித்துளியாக விட்டு, தட்டையே தலைகீழாகக் கவிழ்த்து இன்குபேட்டரில் வைப்போம். அப்போதுதான் செல்கள் அடியில் படிந்து பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளாமல் துளிக்குள்ளேயே நிற்கும். ஜெல் உறைந்ததும் நியூரெகுலின், ஆர்-ஸ்பாண்டின், நாகின் போன்ற வளர்ச்சிப் புரதங்கள் சேர்ந்த மீடியத்தை ஊற்றுவோம்.

பிறகு நடப்பதுதான் அதிசயம். யாரும் வழிகாட்டாமல் செல்கள் தாமே ஒன்றுகூடி வடிவமெடுக்கின்றன. ஒருவருடையது உள்ளே வெற்றிடமுள்ள உருண்டை. இன்னொருவருடையது கெட்டியான பந்து. வேறொருவருடையது திராட்சைக் கொத்து. நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் நூற்றுக்கு மேற்பட்ட மார்பகப் புற்று ஆர்கனாய்டுகளை இப்படி வளர்த்து 2018-ல் வெளியிட்டார்கள். ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 புரத நிலை எல்லாம் பெரும்பாலானவற்றில் மூலக்கட்டியோடு ஒத்துப்போயிருந்தன. அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மருந்து சோதிக்கும் நாள் இன்னும் அருமை. டாக்ஸோரூபிசின், பேக்லிடாக்செல், கார்போபிளாட்டின் என ஒவ்வொன்றையும் படிப்படியாக அளவு கூட்டி, ஆர்கனாய்டுகள் உள்ள தட்டின் குழிகளில் விடுவோம். சில நாள் கழித்து, பிழைத்திருக்கும் செல்களின் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை ஒளியாக மாற்றிக் கருவி கணக்கெடுக்கும். இரண்டு பேரின் கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் இரண்டுமே டிரிப்பிள் நெகட்டிவ்தான், அதாவது ஹார்மோன் ஏற்பிகளோ மிகை ஹெர்-2-வோ இல்லாதவை. ஆனால் ஒன்று கார்போபிளாட்டினுக்குச் சுருண்டு மடியும். மற்றது எதுவும் நடக்காததுபோல வளர்ந்துகொண்டிருக்கும். ஒரே பெயரில் எத்தனை நோய்கள்! ஊசி நோயாளியின் கையில் ஏறும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளும் காலம் வரவேண்டும் என்றுதான் இத்தனை பேர் உழைக்கிறோம்.

எதிர்ப்புசக்தி இல்லாத எலிகளில் கட்டியைப் பதியமிடும் முறையும் உண்டு. அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஹார்மோன் ஏற்பியுள்ள கட்டிகள் எளிதில் பிடிக்காது. ஆர்கனாய்டிலோ ரத்தக்குழாய் இல்லை, நோயெதிர்ப்பு செல்கள் இல்லை. அவற்றையும் கூட்டி வளர்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. 2023-ல் நம் நாட்டின் புதிய மருந்து விதிகளே திருத்தப்பட்டு, மனிதர்களிடம் சோதிக்கும் முன் செய்யும் ஆய்வுகளில் ஆர்கனாய்டுக்கும் இடம் கிடைத்துவிட்டது. எவ்வளவு பெரிய செய்தி!

இந்தத் தென்சென்னையில் இருந்து இதைச் செய்வதில் தனிப் பெருமிதம் எனக்கு. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இங்கேதான். சென்னை ஐஐடி தேசியப் புற்றுநோய்த் திசு வங்கியை நடத்துகிறது. 2025 பிப்ரவரியில் பாரத் புற்றுநோய் மரபணு அட்லஸையும் அது வெளியிட்டது. மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரின் கட்டியையும் இயல்பான திசுவையும் சேர்த்து 960 மாதிரிகளை அலசிய அந்தத் தரவு எல்லா ஆய்வாளருக்கும் திறந்திருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 1,90,000-க்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வருகிறது. நம் பெண்களின் மரபணு மாற்றங்கள் நம் பட்டியலில் இருக்க வேண்டாமா?

இத்தனைக்கும் வேர், ஒப்புதல் படிவத்தில் விழும் கையெழுத்து. அறுவைக்கு முந்தின நாள் ஓர் அம்மா, “குப்பைக்குப் போறதுதானே கண்ணு, எடுத்துக்கோ. இன்னொரு பொண்ணுக்கு ஆவட்டும்” என்றார். அவருடைய கீமோவோ, கரண்ட் வைப்பது எனப்படும் கதிர்வீச்சோ எங்கள் ஆய்வு முடிவால் மாறாது என்று விளக்கிச் சொன்ன பிறகும் கையெழுத்திட்டார். உங்கள் வீட்டிலும் யாரிடமாவது இப்படிக் கேட்டால், தயவுசெய்து படிவத்தை முழுக்க வாசித்துவிட்டுச் சம்மதியுங்கள். நாங்கள் கேட்பது நோயியல் பரிசோதனைக்குப் போக மிஞ்சும் திசுவைத்தான். பெயர் எங்களுக்கு வராது, குறியீட்டு எண் மட்டுமே வரும். மனம் மாறினால் ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு.