கற்றவரும் கற்பித்தவரும்: ‘என் சரித்திரம்’, ‘கருக்கு’ ஆகிய தன்வரலாறுகளில் ஆசிரியர் – மாணவர் உறவு

ஆய்வுச் சுருக்கம்

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ குருபக்திக்குச் சான்றாகவும், பாமாவின் ‘கருக்கு’ ஒடுக்குமுறைக்குச் சான்றாகவும் தொடர்ந்து வாசிக்கப்பட்டு வருகின்றன. இவ்வாசிப்புகள் இரு நூல்களிலும் உள்ள கல்வி அனுபவத்தின் ஒரு பகுதியை மறைக்கின்றன. மாணவர் ஆசிரியரை அணுகிய முறை, அதற்குக் கொடுத்த விலை, பின்னர்த் தாமே ஆசிரியரானபோது அவ்வனுபவம் பெற்ற இடம் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தன்வரலாறு, குருகுலக் கல்வி, திருவாவடுதுறை ஆதீனம், தலித் தன்வரலாறு, விடுதி, ஆசிரியப் பணி.

முன்னுரை

ஆசிரியர் – மாணவர் உறவு பேசப்படும் தமிழ் மேடைகளில் ‘என் சரித்திரம்’ எடுத்துக்காட்டப்படாமல் இருப்பது அரிது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் இறுதி நேரத்தில் மாணவர் அருகிருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை வாசித்த காட்சி முதலில் வரும். இக்காலத்து மாணவரிடம் அத்தகைய பணிவு இல்லை என்னும் குறை அதனைத் தொடர்ந்து வரும். நெறியாளர் – ஆய்வாளர் உறவைப் பற்றிய உரைகளும் பெரும்பாலும் இவ்வரிசையையே பின்பற்றுகின்றன. நூலிலிருந்து எது எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதைக் காட்டிலும் எது விடப்படுகிறது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. ஆசிரியர் 1942 ஏப்ரலில் மறைந்தமையால் முற்றுப்பெறாமல் நின்று, 1950இல் நூல்வடிவம் பெற்றது. ‘கருக்கு’ வெளிவந்தது 1992இல். இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்ப்பது பொருந்துமா என்னும் ஐயம் நியாயமானதே. காலம், மொழிநடை, சாதிநிலை, கல்வி நிறுவனம் அனைத்தும் வேறு. ஆயினும் இரண்டையும் எழுதியவர்கள் மாணவராக இருந்து ஆசிரியரானவர்கள். இருவருக்கும் கல்வி எளிதில் திறந்துகொள்ளாத ஒரு வாயிலின் முன்னேதான் தொடங்குகிறது.

தளிரும் பாடமும்

1871இல் தந்தையுடன் மாயூரம் வந்து சேர்ந்த இளைஞரைப் பிள்ளை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பலர் வந்து சில நாள் கற்றுவிட்டுப் பிரிந்து சென்ற அனுபவம் அவருக்குத் தயக்கத்தைத் தந்திருந்தது. உணவும் ஒரு தடையாக இருந்தது. அந்தண மாணவருக்குத் திருவாவடுதுறையிலும் பட்டீச்சுரத்திலும் ஆகார வசதி செய்ய இயலும், மாயூரத்தில் அது எளிதன்று என்பது பிள்ளை எடுத்துரைத்த இடர். தந்தை அப்பொறுப்பை ஏற்ற பின்னரே சேர்க்கை உறுதியாகிறது. குருகுலத்தில் கட்டணமில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. கட்டணம் இல்லாவிடினும் செலவு இருந்தது. அச்செலவு சாதி வரையறுத்த பந்தியோடு பிணைந்திருந்தது என்பதையும் தன்வரலாறு மறைக்காமல் சொல்கிறது.

சேர்ந்த பின்னும் காத்திருப்பு முடியவில்லை. புதிய மாணவருக்குப் பாடம் சொல்லும் பணியைப் பிள்ளை தம் மாணவராகிய சவேரிநாத பிள்ளையிடம் ஒப்படைத்தார். கிறித்தவரான சவேரிநாதர் அன்பாகவே கற்பித்தார். ஆனால் சாமிநாதர் நாடி வந்தது மகாவித்துவானை. அவரிடமே பாடம் கேட்பதற்கு அம்மாணவர் கண்ட வழி ‘தளிரால் கிடைத்த தயை’ என்னும் அத்தியாயத்தில் விரிகிறது. வீட்டுத் தோட்டத்து மரங்களிலும் செடிகளிலும் புதுத்தளிர் காண்பதில் ஆசிரியருக்கிருந்த ஆவலை அவர் கவனிக்கிறார். விடியுமுன் எழுந்து எங்கெங்குத் தளிர் விட்டிருக்கிறது எனப் பார்த்துவைத்து, ஆசிரியர் வரும்போது காட்டுகிறார். தளிரைக் காட்டிக்காட்டி நெருங்கிய பிறகே, தமக்கு நேரே பாடம் சொல்லவேண்டும் என்னும் விருப்பத்தை வெளியிடுகிறார். ஆசிரியர் இசைகிறார்.

இப்பகுதியைக் குருபக்தி என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட இயலாது. பக்தி இல்லை என்பதன்று. பக்தியோடு கூர்த்த கவனிப்பும் திட்டமும் சேர்ந்திருக்கின்றன. எண்பத்தைந்து வயதை நெருங்கிய ஒருவர் தம் இளமையின் இச்சிறு சூழ்ச்சியை நகைப்போடு ஒப்புக்கொள்கிறார். பணிவின் உருவமாக மட்டும் அவரைக் காட்டும் மேற்கோள்களில் இந்நகைப்பு இடம்பெறுவதில்லை.

கைவிடப்பட்ட இசை

சாமிநாதர் இசை மரபுடைய குடும்பத்தில் பிறந்தவர். மகன் சங்கீதத்தையும் கைவிடலாகாது என்பது தந்தையின் விருப்பம். மாயூரத்தில் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ ஆசிரியர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் இசைப் பயிற்சியைத் தொடர்ந்தார். பிள்ளைக்கு இது தெரியாது. ஒருநாள் பாரதியாரே பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறார். இசையில் மனம் சென்றால் இலக்கியத்தில் நாட்டம் குறையும் என்பது பிள்ளையின் கருத்து. அன்றோடு இசைப்பயிற்சி நின்றது.

வழக்கமான வாசிப்பில் இது ஒருமுகப்பட்ட கல்விக்குச் சான்று. பிற்காலத்து விளைவை நோக்கினால் அவ்வாறு சொல்வதற்கு இடமும் உண்டு: 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டவர் இசைவாணராகியிருந்தால் தமிழுக்கு இழப்பே. ஆனால் விளைவைக் கொண்டு நிகழ்வை அளப்பது தன்வரலாற்று ஆய்வில் நேரும் பெரும்பிழை. அவ்விடத்தில் உள்ளது, ஆசிரியரின் முகக்குறிப்பை அஞ்சித் தந்தையின் விருப்பத்தையும் தன் விருப்பத்தையும் ஒருங்கே விட்டுவிட்ட ஓர் இளைஞனின் நிலை. வேங்கடராமன் என்னும் பெயர் ஆசிரியர் விருப்பப்படி சாமிநாதன் என மாறியதை அவர் மகிழ்ச்சியாகவே பதிவு செய்கிறார். இசையைப் பற்றிய பகுதியில் அத்தகைய மகிழ்ச்சி தென்படவில்லை. குறையாகவும் சொல்லவில்லை, சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அம்மௌனத்தைச் சம்மதம் என வாசிப்பதற்கு நூலில் ஆதாரமில்லை.

ஆசிரியரின் வறுமையைச் சொல்லும்போது அவர் இவ்வாறு மௌனம் கொள்ளவில்லை. பிள்ளையின் கடன்கள், ஆதரவாளரை நம்பி ஊர் ஊராகச் சென்ற வாழ்வு, இறுதிக்கால உடல்நலிவு ஆகியவை தன்வரலாற்றிலும் 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்’ நூலின் இரு பாகங்களிலும் தயக்கமின்றிச் சொல்லப்படுகின்றன. மாணவர் உணவுக்குத் தந்தையை நம்பியிருந்தார், ஆசிரியர் மடத்தை நம்பியிருந்தார். இருவரது சார்புநிலையையும் சேர்த்துப் பார்க்கும் வாசிப்பில்தான் அவ்வுறவின் நெருக்கம் விளங்கும்.

ஒரு தேங்காய்

‘கருக்கு’ காட்டும் பள்ளியில் ஆசிரியரை நெருங்குவதற்கு வழிதேடும் நிலையே இல்லை. படித்து முன்னேறினால் இழிவுகள் நீங்கும் என்னும் அண்ணனின் சொல்லை நம்பி, கருமமே கண்ணாகப் படித்து முதலிடம் பெறும் சிறுமி அவர். பள்ளி வளாகத்தில் பிற பிள்ளைகளோடு தென்னையில் ஏறி விளையாடியபோது ஒரு குரும்பை விழுகிறது. மறுநாள் தலைமையாசிரியர் அனைவர் முன்னிலையிலும் அவரைத் திருடி என்கிறார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தி வெளியே நிறுத்துகிறார். பங்குச் சாமியாரிடம் முறையிடச் சென்றால், சேரிப்பிள்ளை செய்திருக்கக்கூடும் என்னும் எண்ணமே அங்கும் முதலில் வெளிப்படுகிறது. அவர் தந்த கடிதத்தோடு திரும்பிய பின்னரும் வசைகளைக் கேட்டே வகுப்புக்குள் நுழைய முடிகிறது.

இந்நிகழ்வில் தலைமையாசிரியருக்கும் சாமியாருக்கும் பெயர் இல்லை. ‘என் சரித்திர’த்தில் திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் முதல் உடன்பயின்ற மாணவர் வரை பெரும்பாலோர் பெயரோடு வருகின்றனர். பெயர் சொல்வது அங்கு நன்றி செலுத்தும் முறை. ‘கருக்கி’ல் மனிதர்கள் பதவிப்பெயரால் மட்டும் வருவதற்கு எச்சரிக்கை ஒரு காரணமாக இருக்கலாம், அதனினும் வலுவான காரணம், அவர்கள் அச்சிறுமியிடம் தனிமனிதராக அன்றிப் பதவியாகவே நடந்துகொண்டனர் என்பது. முதல் மதிப்பெண் அவ்விடத்தில் அவரைக் காக்கவில்லை. அண்ணனின் அறிவுரை பொய்யாகிவிடவில்லை என்றாலும், அதன் எல்லை அன்றே தெரிந்துவிடுகிறது.

கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ (2005) உதவித்தொகைப் படிவத்துக்காக வகுப்பில் சாதிப்பெயர் சொல்லி எழுப்பி நிறுத்தப்படும் அவமானத்தைப் பேசுகிறது. கல்விக்கு உதவும் அரசாணையே வகுப்பறையில் அடையாளக்குறியாக மாறும் இம்முரண் தனியாக ஆராயத்தக்கது.

ஆசிரியரான பின்

‘கருக்கு’ குறித்த ஆய்வேடுகள் பெரும்பாலும் மாணவப் பருவத்திலேயே நின்றுவிடுகின்றன. துன்பச் சாட்சியம் என்னும் வகைமைக்கு அப்பகுதி போதுமானதாக இருப்பதே காரணம் எனலாம். ஆனால் நூலின் பின்பகுதி ஓர் ஆசிரியரின் தன்வரலாறு. கன்னியர் நடத்திய பள்ளியில் பணியேற்றபோது அங்குப் பயின்றோருள் பலர் தலித் பிள்ளைகள். அவர்களைக் கன்னியர் நடத்திய விதத்தை எதிர்த்து வாதிட்டபடியே அவர் கற்பிக்கிறார். அப்பணி தமக்கு உவப்பாக இருந்ததையும் சொல்கிறார். ஏழைப்பிள்ளைகளுக்குப் பணிசெய்யும் நோக்கத்தோடு துறவற சபையில் சேர்ந்தவருக்கு, சபையின் பள்ளிகள் வசதிபடைத்தோருக்கே பயன்படுவது புலனாகிறது. 1992இல் சபையை விட்டு வெளியேறுகிறார்; நூலும் அவ்வாண்டே வெளிவருகிறது. தென்னையடியில் திருடி எனப்பட்ட சிறுமியே அப்பள்ளியில் தன் மாணவர்களுக்காகப் பேசுகிறார் என்னும் தொடர்பை வாசகர் தாமே காணும்படி நூல் விட்டுவிடுகிறது.

சாமிநாதையரின் நிலை நேர்மாறானது. தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றபோது, தம் ஆசிரியரின் மாணவர் என்னும் உரிமையோடு அப்பணியைச் சாமிநாதருக்குப் பெற்றுத் தந்தார். 1880இல் தொடங்கிய கல்லூரிப் பணி சென்னை மாநிலக் கல்லூரியில் 1919 வரை நீடித்தது. பிள்ளை, செட்டியார், சாமிநாதையர் என ஒரு கை மறுகைக்கு மாற்றித்தந்த இடம் அது. பாமாவுக்கு அவ்வாறு மாற்றித்தர எவரும் இல்லை. ஆயினும் நாற்பதாண்டுக்கால ஆசிரியப் பணி தன்வரலாற்றில் பெறும் இடம் சிறிது. 1880 அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பின் கதை ஏட்டுச்சுவடிகளின் பின்னே சென்றுவிடுகிறது. சென்னைக் கல்லூரி வாழ்வை எட்டுமுன் தொடரே நின்றுவிடுகிறது. தாம் பாடம் கேட்ட ஐந்தாண்டுகளை நாள்நாளாக நினைவுகூர்ந்தவர், தம்மிடம் பாடம் கேட்டவர்களை அவ்வளவு அருகிருந்து காட்டவில்லை.

ஆகவே இரு நூல்களிலும் ஆசிரியரை நோக்கிய மாணவரின் பார்வை முழுமையாகக் கிடைக்கிறது; அவ்வெழுத்தாளரை நோக்கிய மாணவர் பார்வை கிடைப்பதில்லை. கும்பகோணம் வகுப்பில் அமர்ந்திருந்தவர்களுள் எவரேனும் தளிர் தேடி எழுந்தனரா, கன்னியர் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்காக வாதிட்ட ஆசிரியையை எவ்வாறு நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கு இந்நூல்களுக்கு வெளியேதான் சான்று தேடவேண்டும்.