நகராத கப்பல்

ஸ்பேஸ் இம்பாக்டில் கப்பல் நகர்வதே இல்லை. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, எங்கள் அக்கா. பெரியம்மா மகள். 2012இல், திட்டக்குடியில், கரண்ட் போன ஒரு மத்தியானம், பெரியப்பாவின் பழைய நோக்கியா 3310ஐ என் கையிலிருந்து பிடுங்கி இரண்டு கட்டம் ஆடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது எங்கடா முன்னாடி போவுது? நின்ன எடத்துலயேதான் நிக்குது. வர்றதெல்லாம் அதுங்கதான்."

எனக்கு அப்போது பதினாலு வயசு. "உனக்கு ஒண்ணும் தெரியலக்கா" என்று போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு காலேஜ், லேப்டாப், ஸ்டீம் கணக்கு என்று ஆகி, இந்த வகை விளையாட்டுகளில் நல்லதும் மட்டமுமாக நிறைய ஆடிவிட்டேன். அவற்றைப் பற்றி எழுதப்பட்டதையும் கொஞ்சம் படித்திருக்கிறேன். அக்கா சொன்னதைத் தாண்டி யாரும் பெரிதாகச் சொல்லிவிட்டதாகத் தோன்றவில்லை.

இந்த வகைக்கு இரண்டு மூதாதைகள். இரண்டுமே 1981வாக்கில் ஆர்கேட் கூடங்களுக்கு வந்தவை. யூஜின் ஜார்விஸ் வில்லியம்ஸ் நிறுவனத்துக்காகச் செய்த டிஃபெண்டரில் கப்பலைத் திருப்பலாம். நீங்கள் போகிற திசையில் வானம் உங்களோடு வரும். கொனாமியின் ஸ்க்ராம்பிளில் அந்தச் சலுகை கிடையாது. நிலம் தன்பாட்டுக்கு வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும். நிற்க முடியாது, திரும்ப முடியாது, எரிபொருள் வேறு தீர்ந்துகொண்டிருக்கும். பின்னால் வந்தவற்றில் பெரும்பாலானவை ஸ்க்ராம்பிளின் பிள்ளைகள்தான். 1985இல் கிரேடியஸ், 1987இல் ஆர்-டைப், 2000இல் ஒரு கைபேசிக்குள் அடைத்து அனுப்பப்பட்ட ஸ்பேஸ் இம்பாக்ட்.

ஏன் ஸ்க்ராம்பிளின் வழி ஜெயித்தது என்று யோசித்தால், அது எழுத்தாளனின் வழி. உலகம் கட்டாயமாக ஓடும்போது, எந்த நொடியில் எது உங்கள் எதிரே வரவேண்டும் என்பதைச் செய்தவன் தீர்மானித்துவிடலாம். அதே போனில் இருந்த பாம்பு விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரை எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் பாம்பு தன் வாலிலேயே முட்டிச் சாகும். அது ஒரு நாட்டுப்புறக் கதை மாதிரி. ஆளுக்கு ஆள், ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஸ்பேஸ் இம்பாக்ட் தொடர்கதை. எட்டுக் கட்டம், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பெரிய பூதம். முதல் கட்டத்தில் இன்றைக்கு வந்த கூட்டம்தான் நாளைக்கும் வரும், அதே வரிசையில்.

ஆகவே இதில் கெட்டிக்காரத்தனம் என்பது கைவேகம் இல்லை, மனப்பாடம். பத்தாம் வகுப்பில் மனப்பாடச் செய்யுள் படித்தவர்களுக்கு இது புரியும். முதல் சீர் வந்துவிட்டால் அடுத்த சீர் நாக்கில் தானாக நிற்கும். அர்த்தம் கேட்டால்தான் மாட்டிக்கொள்வோம். நாலாவது தடவை ஆடும்போது எதிரி திரைக்குள் வருவதற்கு முன்பே கட்டைவிரல் கப்பலைக் கீழே இறக்கிவிட்டிருக்கும். கண்ணுக்கு அதில் வேலையே இல்லை. இந்த வகையை 'அனிச்சைத் திறன்' என்று புகழ்கிறவர்கள் பாதிதான் சொல்கிறார்கள்.

மனப்பாடம் செய்ய நேரமில்லாத மனிதர்களும் உண்டு, அதுவும் செய்தவர்கள் பக்கத்திலேயே. கசுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர் கிரேடியஸை வீட்டு டிவியில் ஆடும் கருவிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். 1986இல் அது வெளிவந்தது. சோதித்துப் பார்க்க முதலிலிருந்து கடைசிவரை ஆடவேண்டும், அவருக்கோ அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தனக்காக ஒரு குறுக்குவழி போட்டுக்கொண்டார்: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. அழுத்தினால் ஆயுதமெல்லாம் கைக்கு வந்துவிடும். வெளியிடும்போது எடுக்காமல் விட்டுவிட்டார்கள். கொனாமி கோட் என்று உலகமே இன்று சொல்வது, செய்தவனாலேயே முடிக்கமுடியாத ஒன்றுக்கு அவன் எழுதிக்கொண்ட பிட்டு.

கிரேடியஸின் கொடுமை அதன் கஷ்டத்தில் இல்லை, அதன் நீதியில் இருக்கிறது. நன்றாக ஆடினால் ஆயுதம் சேரும். ஒரே ஒரு அடி பட்டால் எல்லாம் போய், வெறுங்கையோடு நடுவழியில் நிற்பீர்கள், ஆயுதம் உள்ளவனுக்கே கஷ்டமான இடத்தில். இருக்கிறவனுக்கு மேலும் மேலும், விழுந்தவனுக்கு ஒன்றுமில்லை. கந்துவட்டிக்கணக்கு மாதிரி. ஸ்பேஸ் இம்பாக்ட் அவ்வளவு குரூரமில்லை. மேலே சின்ன இதயங்கள், பக்கத்தில் ஆயுதத்தின் எண்ணிக்கை. ஏவுகணை, திரை முழுக்கக் கிழிக்கும் கதிர், மேலிருந்து கீழ்வரை நகர்ந்து போகும் சுவர். அடிபட்டால் ஒரு இதயம் போகும், அதே இடத்தில் மினுக்கிக்கொண்டு திரும்ப வருவீர்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு, யாருக்காகவோ காத்திருக்கிறவனுக்குச் செய்தது அது. அழைப்பு வந்தால் நின்றுவிடும். பேலன்ஸ் இல்லாத போனிலும் ஓடும் என்பது எங்களுக்கு முக்கியமான விஷயம்.

திரையைப் பற்றிச் சொல்லவேண்டும். 3310இன் திரை குறுக்கே 84 புள்ளி, உயரத்தில் 48 புள்ளி. மொத்தம் 4032. ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, அல்லது இல்லை. இதற்குள் ஒரு பிரபஞ்சம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பொம்மை செய்வதைப் பார்த்திருப்பார்கள். பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, சுவரில் ஒரு தோல் கட்டும். மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் பிரித்தால் பிள்ளையார். ஒரே அச்சில் நூறு பிள்ளையார். விளையாட்டின் எதிரிகளும் அப்படித்தான். நினைவகம் கொஞ்சம்தான் என்பதால் ஒரே அச்சை வரிசையாகத் தள்ளிவிடுவார்கள். ஒரே வித்தியாசம், பட்டறையில் கடைசியாக ஒருத்தர் உட்கார்ந்து பொம்மைக்குக் கண் எழுதுவார். 4032 புள்ளியில் கண்ணுக்கு இடமில்லை.

கண்ணை நாங்கள் எழுதினோம். முதலில் வருவது இறால் என்று நான், பூரான் என்று பக்கத்து வீட்டுப் பையன். இன்னொன்றுக்கு வௌவால் என்று பெயர். சில கட்டங்களில் திரையே தலைகீழாகி வானம் கறுத்துப்போகும். அதை 'அமாவாசை' என்போம். இப்போது அதே உருவங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் அவற்றில் ஒன்றுகூட இறால் இல்லை. ஏழெட்டுக் கறுப்புச் சதுரம், அவ்வளவுதான்.

இன்றைய ரெட்ரோ பாணி விளையாட்டுகளோடு எனக்கு இருக்கிற பிணக்கு இங்கேதான். 2022இல் வந்த ட்ரெய்னஸை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நல்ல விளையாட்டு. மட்டமானதைத் திட்டுவது சுலபம். பக்கவாட்டில் ஓடும் விண்வெளி, புள்ளி ஓவியம், கட்ட முடிவில் பூதம், எல்லாம் பழைய முறை. எதிரியின் சக்திக்குண்டுகளை உறிஞ்சிக்கொண்டு திருப்பி அடிக்கலாம் என்பது மட்டும் புதுசு, அது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் மினுக்குகிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் பத்து நிறம். கண் எழுத எனக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. அதன் புள்ளிகள் வறுமையால் வந்தவை அல்ல, நகைக்கடையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவை. அதில் தப்பில்லை. அதைக் 'குழந்தைப்பருவத்துக்குத் திரும்புதல்' என்று விளம்பரம் செய்யும்போதுதான் யாருடைய குழந்தைப்பருவம் என்று கேட்கத் தோன்றுகிறது. ஒசாகாவில் ஆர்கேடில் காசு போட்டவனுடையதாக இருக்கலாம். சாம்பல் பச்சைத் திரையை வெயிலுக்கு மறைத்துப் பிடித்து ஆடியவனுடையது இல்லை.

2017இல் 3310ஐ மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தபோது பாம்பு விளையாட்டைக் கலரில் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்பேஸ் இம்பாக்டை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

2012இன் மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சென்னைக்கு ஒரு கணக்கு, எங்களுக்கு ஒரு கணக்கு. எங்கள் கடலூர் மாவட்டத்திலேயேதான் நெய்வேலி இருக்கிறது, ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்பிக்கொண்டு. டிவியில் மாட்டும் கேசட் விளையாட்டு கரண்ட் போனால் செத்தது. எந்தக் கட்டத்தில் இருந்தாலும் முதலிலிருந்து. போன் மட்டும் பிழைத்தது. எங்கள் தெருவில் ஸ்பேஸ் இம்பாக்ட் என்பது விண்வெளி விளையாட்டு இல்லை, இருட்டில் ஆடும் விளையாட்டு. விசையை அழுத்தினால் எரியும் அந்தப் பச்சை வெளிச்சத்தில் முகம் தெரியும்.

அந்த வருஷம்தான் அக்கா ஊருக்குத் திரும்பியிருந்தாள். பிளஸ் டூ முடித்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக் கம்பெனிக்குப் போனவள். நோக்கியா இல்லை, வேறொன்று, பெயர் வேண்டாம். நோக்கியாவும் அங்கேதான் இருந்தது: 2006இல் உற்பத்தி தொடங்கி, ஆயிரக்கணக்கானவர்களுக்கு, அதிலும் நிறைய இளம்பெண்களுக்கு வேலை கொடுத்து, 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. கம்பெனி பஸ், ஷிஃப்ட், ஹாஸ்டல், மாசம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் என்பது அந்தக் காலத்து எங்கள் ஊர்ப் பெண்கள் பலரின் கதை.

இந்தக் கட்டுரையை எழுத நினைத்தபோது எனக்கு ஒரு பளிச்சென்ற யோசனை வந்தது. அக்கா பெல்ட்டில் நின்றவள். பெல்ட் ஓடும், ஆள் நிற்பாள், பொருள் அவளை நோக்கி வரும். நின்ற இடத்தில் நின்றுகொண்டு வருவதைக் கவனிக்கிறவள் என்பதால்தான் கப்பல் நகரவில்லை என்பது அவள் கண்ணுக்கு உடனே பட்டது. கட்டாய ஓட்டம் என்பது கன்வேயர் பெல்ட். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! இரண்டு பக்கம் எழுதிக்கூட வைத்தேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவளிடம் சொன்னேன்.

அக்கா சிரிக்கவில்லை. மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "அது வேற இது வேறடா" என்றாள். "பெல்ட்டுல வர்றத சுட்டுத் தள்ள முடியுமா? கையில எடுத்து, பாத்து, திருப்பி வெக்கணும். ஒண்ணு விட்டுட்டா பின்னாடி நிக்கிற பொண்ணுக்கு ரெண்டு சேரும். அவ திட்டுவா. அந்த கேம்ல யாரு பின்னாடி நிக்கிறா?"

எழுதிய இரண்டு பக்கமும் அதோடு போயிற்று. அவள் சொன்னது சரி. இந்த விளையாட்டுகளில் இடப்பக்கம் என்று ஒன்று கிடையாது. தவறவிட்ட எதிரி திரையின் இடது ஓரத்தைத் தாண்டினால் இல்லாமல்போகிறது. அது யார் வீட்டு மேல் விழுந்தது என்று கிரேடியஸ் கேட்டதில்லை, ஆர்-டைப் கேட்டதில்லை, ட்ரெய்னஸும் கேட்கவில்லை. மூதாதைகளில் டிஃபெண்டர் ஒன்றுதான் கேட்டது. அதில் கீழே தரையில் மனிதர்கள் இருப்பார்கள். அவர்களை எதிரி தூக்கிக்கொண்டு போவான். நீங்கள் கவனிக்காத பக்கத்தில் அது நடந்துகொண்டிருக்கும். திரும்பிப் பார்க்க முடிகிற விளையாட்டு என்பதால் பின்னால் ஆட்களை வைக்க முடிந்தது. ஸ்க்ராம்பிளின் வழியைத் தேர்ந்தெடுத்தபோது இந்த வகை, எழுத்தாளனின் வசதிக்காகக் கொடுத்த விலை இது. இதை நான் எந்த விமர்சனத்திலும் படிக்கவில்லை.

"அப்ப ஏன்க்கா அன்னிக்கு என்கிட்டருந்து போனைப் பிடுங்கிப் பிடுங்கி ஆடுன?"

"வேற என்ன இருந்துச்சு, கரண்ட்டும் இல்ல, வேலையும் இல்ல." கொஞ்சம் பொறுத்து, "யாரும் பின்னாடி இல்லாம ஒண்ணு செய்யறது நல்லாதான் இருந்துச்சு" என்றாள்.

என் ஃபோனில் அந்த விளையாட்டின் நகல் ஒன்று இருந்தது. கொடுத்தேன். தொடுதிரையில் அவள் கட்டைவிரலே கப்பலை மறைத்தது. முதல் கூட்டத்திலேயே இரண்டு இதயம் போனது. "பட்டன் இல்லாம இது என்ன எழவு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, பீரோவில் பெரியப்பாவின் 3310ஐத் தேடி எடுத்தாள். பேட்டரி செத்திருந்தது. மறுநாள் விருத்தாசலம் போனவன் மூன்று செல்போன் கடையில் ஏறி இறங்கினேன். பேட்டரி ஒரு கடையில் கிடைத்தது, பழசு. சார்ஜர்தான் இல்லை. கடைக்காரர் மேசை டிராயரை முழுக்கக் கிளறிவிட்டு, "நோக்கியாவுல சின்ன பின்னு இருக்கு தம்பி, பெரிய பின்னு வர்றதே இல்ல" என்றார்.