ஓர் அடியின் மதிப்பு என்ன?

கிரிக்கெட்டில் பந்து உருண்டோடி எல்லைக் கோட்டைத் தொட்டால் நான்கு ஓட்டங்கள். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் அப்படியில்லை. பந்தை அடித்துவிட்டு முதல் தளத்தில் போய் நிற்பவருக்கு ஓட்டம் எதுவும் இல்லை. மூவர் ஆட்டமிழப்பதற்குள் அவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்தால்தான் ஓர் ஓட்டம். அதற்குப் பின்னால் வருபவர்களின் துணையும் வேண்டும். அப்படியானால் அவர் அடித்த அடிக்கு என்ன மதிப்பு?

ஜான் தார்ன், பீட் பாமர் ஆகியோர் எழுதி 1984இல் வெளிவந்த 'தி ஹிடன் கேம் ஆஃப் பேஸ்பால்' என்ற நூல் இக்கேள்வியை ஆராய்கிறது.

பழைய அளவைகளின் குறையை முதலில் பாருங்கள். மட்டைச் சராசரி, ஒரு தளம் கடந்த ஒற்றையடியையும் நான்கு தளங்களும் கடந்த ஹோம் ரன்னையும் ஒன்றாகவே எண்ணுகிறது. மற்றோர் அளவை இவற்றுக்கு 1, 4 எனத் தளக் கணக்கில் மதிப்பளிக்கிறது. எறிபவர் நான்கு பந்துகளைத் தவறாக வீசினால், மட்டையாளர் அடிக்காமலே முதல் தளம் செல்லலாம். இந்த 'நடை'க்கு இரண்டு அளவைகளிலும் இடமில்லை.

சரியான வழியை 1963இல் கனடா நாட்டு ஆய்வாளர் ஜார்ஜ் லிண்ட்சே காட்டினார். நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் குறிப்புகளிலிருந்து அவர் ஓர் அட்டவணை அமைத்தார். யாரும் ஆட்டமிழக்காமல் தளங்கள் காலியாக உள்ளபோது, அந்த இன்னிங்ஸில் இனிச் சராசரியாக 0.461 ஓட்டம் எதிர்பார்க்கலாம். முதல் தளத்தில் ஒருவர் நின்றால் அது 0.813 ஆகிறது. ஆகவே அந்த நிலையில் ஒற்றையடியின் மதிப்பு இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 0.352. தளங்களில் ஏற்கெனவே ஆட்கள் நின்றால் மதிப்பு கூடும். எல்லா நிலைகளுக்கும் சராசரி கண்டால் அடியின் பொது மதிப்பு கிடைக்கிறது.

பாமர் கண்ட மதிப்புகள் இவை: ஒற்றையடி 0.46, இரட்டையடி 0.80, மூன்று தள அடி 1.02, ஹோம் ரன் 1.40, நடை 0.33. ஹோம் ரன் நான்கு ஒற்றையடிகளுக்கு அன்று, மூன்றுக்கே ஏறக்குறையச் சமம்! யாரும் மதிக்காத நடையோ ஒற்றையடியில் முக்கால் பங்கை நெருங்குகிறது. பொறுமையாக நின்று நடை பெற்ற ஆட்டக்காரர்களுக்கு இந்நூல் நியாயம் வழங்கியது. இது அதன் பெரும் சிறப்பு.

ஆனால் ஒரு குறையும் உண்டு. ஆட்டமிழப்புக்கு ஏறத்தாழ −0.25 என மதிப்பிட்டு, சராசரி ஆட்டக்காரரின் மொத்தம் சுழியாகும்படி கணக்கு அமைக்கப்பட்டுள்ளது. இதனால் ஆண்டு முழுவதும் சராசரியாக ஆடியவரும், ஒரு நாளும் களம் இறங்காதவரும் ஒரே சுழியைப் பெறுகிறார்கள். சராசரி ஆட்டக்காரர் கிடைப்பது எளிதா? அவர் விலகினால் அவரிடத்துக்கு வருபவர் பெரும்பாலும் அவரைவிடக் குறைந்தவரே. பின்னர் வந்த ஆய்வாளர்கள், எளிதில் கிடைக்கும் மாற்று ஆட்டக்காரரை அடிப்படையாகக் கொண்டு இக்குறையை நீக்க முயன்றனர்.

அட்டவணையை நீங்களும் பயன்படுத்திப் பாருங்கள். முதல் தளத்தில் ஒருவர் நிற்க, யாரும் ஆட்டமிழக்காத நிலையின் மதிப்பு 0.813. மட்டையாளர் தாம் ஆட்டமிழந்து அவரை இரண்டாம் தளத்துக்கு அனுப்பினால் 0.671. 'தியாக அடி' எனப் புகழப்படும் இச்செயலால் சராசரியில் நட்டமே!

2015இல் மறுபதிப்புக் கண்ட இந்நூல், புள்ளியியல் பயிலும் மாணவர்களுக்கு நல்ல துணை. எண்ணுவது எளிது, எதை எண்ணுவது, எதனோடு ஒப்பிடுவது என்பதே கடினம் என்று அது கற்பிக்கிறது.