முன்சீப்பின் சமரசம்

கோடியக்கரையிலிருந்து கடலோரமாக வடக்கே செல்வோருக்கு வேதாரணியம் கோயில், வேளாங்கண்ணி மாதா, நாகூர் தர்கா என அடுத்தடுத்துத் தென்படும். இந்தத் தஞ்சைத் தரணியில், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1878-இல் வெளியிட்டது 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. அவர் கத்தோலிக்கர், எனினும் தம் மத முத்திரையைக் குத்தாமல், எவரும் பாடத்தக்க பொதுக் கடவுளையே பாடினார்.

கடவுளை ஏற்காத நாம் இதைப் பாராட்டுவானேன்? பிறர் தெய்வத்தை ஏசிப் பாதிரிமார் துண்டு நூல்களை அச்சிட்டுக் குவித்த நூற்றாண்டு அது! சகிப்புத்தன்மை என்ற சொல்லே நமக்குக் கசக்கிறது. தலைவலியைச் சகிக்கலாம்; அண்டை வீட்டானையுமா சகிப்பது? பிள்ளை சகிக்கவில்லை; பொதுப் பந்தியில் தாமும் ஒருவராய் அமர்ந்தார்.

ஆனால், அவரது சமரசம் தலைப்பிலேயே சமயத்தோடு எல்லை கட்டிக்கொண்டது. சாதி? வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயிலில் ஒரே ஏசு, ஒரே பூசை, இடையிலே சாதிச் சுவர்! நூல் வெளிவந்து முப்பதாண்டு கடந்து, 1910-இல்தான் பாதிரிமார் அதை இடித்தனர். முன்சீப்பின் கீர்த்தனை மேற்சாதிக் கிறித்தவர் செவியில் விழவில்லை போலும். சுவர் வேண்டுமென்று வழக்காடினர். அவ்வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்று தோற்றது.