மஞ்சள் மோட்டார்

'அமெரிக்கன் கிராஃபிட்டி' (1973) படத்தைப் பார்த்தவர்கள் முதலில் பேசுவது அந்த மஞ்சள் மோட்டாரைப் பற்றித்தான். 1932-ஆம் வருஷத்து ஃபோர்டு. கலிபோர்னியா இளைஞர்கள் பழைய வண்டியை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, இஞ்சினைத் தாமே திருத்தி வேகம் கூட்டினார்கள். அதற்கு 'ஹாட் ராட்' என்று பேர். இன்றும் அன்பர்கள் பழைய சாமான்களைத் தேடிப் பிடித்து, அந்தக் காலத்து முறைப்படியே இவற்றைக் கட்டிக் காப்பாற்றுகிறார்கள். அவர்களில் பலருக்கு இந்தப் படம் ஸ்தல புராணம் மாதிரி.

ஆனால் டைரக்டர் ஜார்ஜ் லூகஸ் எடுத்திருப்பது துதி அல்ல. கதை 1962-ல் நடக்கிறது. வண்டிக்கு வயசு 30. ஓட்டுகிற ஜான் மில்னருக்கு 22. அவனுக்கே அது பழசு. கூட வந்த சிறுமியைக் காயலான் கடைத் திடலுக்கு அழைத்துப் போகிறான். நசுங்கிக் கிடக்கும் மோட்டார்களுக்கு நடுவே நடந்துகொண்டே, எதில் யார் செத்தான் என்று சொல்கிறான். குரல் உயர்வதில்லை. நாவலாசிரியன் ஓர் அத்தியாயம் எழுதிச் சொல்ல வேண்டிய விஷயம். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

விடியற்காலைப் பந்தயத்தில் எதிரியின் செவர்லே கவிழ்ந்து எரிகிறது. நீதான் ஜெயித்தாய் என்கிறான் தோழன். இல்லை, தோற்றுக்கொண்டிருந்தேன் என்கிறான் மில்னர். தோழன் விடுவதாயில்லை, கடைசியில் இவனும் இசைந்துவிடுகிறான்.

1964-ல் குடிகாரன் ஒருவன் வண்டி மோதி மில்னர் இறந்தான் என்று முடிவில் எழுத்துப் போடுகிறார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தத் திடலிலேயே சொல்லியாகிவிட்டதே! மஞ்சள் வண்டியை ஆணி பிசகாமல் நகல் செய்கிறவர்கள் அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பார்கள்?