சீட்டில் தீரும் கவலை, தீராத கவலை

நல்லதையே நினை, கெட்டதைத் தூக்கிப் போடு: மனக் கவலைக்கு இன்று தாராளமாகக் கிடைக்கும் மருந்து இதுதான். பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டு மீனவர்கள் இதைவிடச் சூட்சுமமான ஒன்றைத் தலைமுறைகளாகக் கையாண்டிருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர்.

பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் சில, சுத்துவலைக்காரர்களோ பலர். எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்காக செபாஸ்டியன் மேத்யூ எழுதி 1991-இல் வெளியான ஆய்வு இதை விரிவாகப் பதிவு செய்தது. ஆய்வாளர்கள் இதில் வளப் பங்கீட்டைப் பார்க்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, இது மனத்துக்குள் செய்யும் வேலை. வரும்படி குறைந்ததைவிட, 'அவனுக்குக் கிடைத்ததே' என்ற பொருமல்தான் தூக்கத்தைக் கெடுக்கும். சீட்டு அந்தப் பொருமலின் வாயை அடைக்கிறது. இன்று வெறுங்கையோடு திரும்பியவன் பங்காளியையும் திட்ட வேண்டாம், தன்னையும் நொந்துகொள்ள வேண்டாம், முறை மாறும். யாரையும் மனத்தைத் திருத்திக்கொள்ளச் சொல்லாமலே கெட்ட நினைப்புக்கு இடம் குறைத்துவிட்ட ஏற்பாடு இது. எந்தத் தியான முகாமும் இந்த அளவுக்கு யோசித்ததாகத் தெரியவில்லை.

குறையும் அங்கேயே இருக்கிறது. பாடு முறையில் உரிமை மரபாகப் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்து ஆண்களுடையது. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குச் சீட்டே கிடையாது. அவர்களிடம் போய் 'முறை வரும்' என்றால் ஏளனமாகத்தான் ஒலிக்கும்.

இன்னொன்று இதைவிடச் சிக்கலானது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் உள்ளே வராமல் போனால், யார் எந்தச் சீட்டை எடுத்தாலும் ஒன்றுதான். அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் பற்றிய அச்சமும் முறை வைத்துத் தீர்கிற வகை இல்லை. இத்தகைய கவலைக்கு உளவியல் என்ன சொல்லும்? மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய சிகிச்சைமுறை, கெட்ட எண்ணம் வந்தால் அதற்கு ஆதாரம் உண்டா என்று பார்க்கச் சொல்கிறது. நல்ல கேள்வி; வீண் பயங்கள் பலவும் அதில் உதிர்ந்துவிடும். இந்த மீனவக் குப்பங்களிலோ ஆதாரம் முகத்துவாரத்திலேயே மணலாக மேடிட்டுக் கிடந்திருக்கிறது.

மூச்சுப் பயிற்சி ஓர் இரவைக் கடத்த உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் ஆதாரமுள்ள கவலையை அமுக்கி வைப்பதும் அமைதி என்ற பெயரில்தான் விற்கப்படுகிறது. துறைமுகம் குறித்து 2021 ஜனவரியில் நடப்பதாக இருந்து தள்ளிப்போன கருத்துக் கேட்புக் கூட்டம் போன்ற இடங்களில், அந்தக் கவலை உரக்கப் பேசப்பட வேண்டியது.