மின்மினிகளின் கல்லறை: இரக்கமும் விசாரணையும்

சித்திரப்படம் சிறுவர்க்கே உரியது என்னும் எண்ணம் பரவலாக நிலவுகின்றது. யப்பானிய நெறியாளர் இசாவோ தகஹாதாவின் 'மின்மினிகளின் கல்லறை' (1988) இவ்வெண்ணத்தைப் பொய்ப்பிக்கும் படைப்பாகும். எனினும், அதனைப் போற்றுவோர் பலர் அது கண்ணீரை வரவழைக்கும் ஆற்றலையே அதன் சிறப்பாகக் கொள்வர். இப்பாராட்டு படத்தின் உண்மையான வலிமையை மறைத்துவிடுகின்றது.

அக்கியுக்கி நொசாகா 1967 இல் வெளியிட்ட சிறுகதையே இப்படத்தின் மூலமாகும். 1945 இல் பட்டினியால் இறந்த தம் தங்கையின் நினைவே அவரை அக்கதையை எழுதத் தூண்டிற்று. அமெரிக்க விமானங்களின் தீக்குண்டுகளுக்குக் கோபே நகர் இரையாகின்றது. தாயை இழந்த 14 வயதுச் செய்தாவும் 4 வயதுத் தங்கை செற்சுகோவும் உறவுப் பெண்ணொருத்தியின் வீட்டிலே தஞ்சமடைகின்றனர். உணவு அருகிவர அவளது சொற்களும் கடுமையடைகின்றன. செய்தா தங்கையுடன் வெளியேறி, குளக்கரையிலே கைவிடப்பட்டுக் கிடந்த பதுங்குகுழியொன்றிற் குடியேறுகின்றான். அங்கே தங்கை இறக்கின்றாள். பின்னர் சன்னோமியா புகையிரத நிலையத்தில் அவனும் இறக்கின்றான்.

இம்முடிவு படத்தின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிடுகின்றது. ஆகவே, இவர்கள் பிழைப்பார்களா என்னும் ஆவலுக்கு இடமில்லை. ஏன் இறந்தார்கள் என்னும் வினாவே எஞ்சுகின்றது. செந்நிற ஒளியிலே தோன்றும் செய்தாவின் ஆவி, தான் வாழ்ந்த நாட்களைத் தானே நோக்கி நிற்கின்றது. பார்வையாளரும் அவ்வாறு நோக்க வேண்டியவராகின்றனர்.

அந்நோக்கில் உறவுப்பெண் வெறுங் கொடியவளாகத் தோன்றவில்லை. நாட்டுக்கு உழைப்பவர்க்கே சோறு என்னும் போர்க்கால நியதி அவளது வாயிலாகப் பேசுகின்றது. செய்தாவும் குற்றமற்றவனல்லன். தாயின் சேமிப்பு வங்கியில் இருக்கின்றது. திரும்பிச் சென்று அவளிடம் பொறுத்தருளக் கேட்குமாறு அயலிலுள்ள உழவர் அறிவுரை கூறுகின்றார். அவனது தன்மானம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. இதனை வெறும் போரெதிர்ப்புப் படமாகக் கொள்ளலாகாது எனத் தகஹாதா கூறியமை இங்கு கருதத்தக்கது. சமூகத்தினின்று விலகி இருவர் மட்டும் வாழ முயன்றமையும், அம்முயற்சி தோற்றமையுமே அவர் காட்ட விரும்பியவை.

இதற்குச் சித்திரவடிவம் எவ்வாறு துணைபுரிகின்றது? நடிகர் தோன்றும் படத்திலே சில அசைவுகள் தற்செயலாக அமைதல் கூடும். சித்திரப்படத்திலோ ஒவ்வோர் அசைவும் ஒருவர் கருதிப்பார்த்து வரைந்ததாகவே இருத்தல் வேண்டும். இறந்த மின்மினிகளுக்குச் செற்சுகோ குழி தோண்டுவதும், பசி முற்றிய நிலையில் மண்ணுருண்டைகளைச் சோற்றுருண்டைகளென அண்ணனுக்கு நீட்டுவதும் இத்தகைய கவனிப்பின் பேறுகளாம். உருவங்களின் புறக்கோடுகளுக்குக் கறுப்பை விடுத்துக் கபில நிறத்தைக் கையாண்டமையும் காட்சிகளுக்கு ஓர் அடக்கத்தை அளித்துள்ளது.

எனினும், இவ்விசாரணைக்கு ஓர் எல்லை உண்டு. செய்தாவின் தந்தை கடற்படை அதிகாரி. அவரது கப்பல் எதற்காகக் கடலேறியது என்னும் வினா படத்தில் எழுவதில்லை. 1910 முதல் 1945 வரை யப்பானிய ஆட்சியில் அல்லலுற்ற கொரிய மக்களின் நிழல்கூட அங்கு விழவில்லை. கெயிஜி நகசவா 1973 இல் வெளியிடத் தொடங்கிய 'வெறுங்காற் கென்' என்னும் ஹிரோசிமா பற்றிய சித்திரக்கதையிலோ, பாக் என்னும் கொரிய அயலவர் இடம்பெறுகின்றார். யப்பானியர் அவரை இழிவுபடுத்துவதும் அங்கு மறைக்கப்படவில்லை. சிறுவனின் பார்வைக்குள் படம் நிற்பதே இக்குறைக்குக் காரணம் எனச் சிலர் சமாதானம் கூறலாம். ஆயின், இறந்தபின் யாவற்றையும் நோக்கும் ஆவியைப் படைத்த கலைஞர்க்கு அச்சமாதானம் முழுமையாகப் பொருந்தாது.

இறுதிக் காட்சியிலே அண்ணனும் தங்கையும் குன்றொன்றில் அமர்ந்து, இக்காலக் கோபே நகரின் ஒளிமிக்க மாடங்களை நோக்குகின்றனர். செழிப்புற்ற தலைமுறையை அவர்களது பார்வை வினவுகின்றது. அவ்வினாவைக் கண்ணீரால் மூடிவிடாது ஏற்றுக்கொள்வதே இப்படைப்புக்குச் செய்யத்தக்க மதிப்பாகும். படம் கேளாது விட்ட வினாவையும் அதனோடு சேர்த்துக் கேட்பது விமரிசனத்தின் கடனாகும்.